கிழமை தவறாதவர்கள்

மந்தைவெளியில் இருக்கும் என் அக்கா பையன் ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறான். மாட வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளும் அவற்றில் வாழ்ந்த மனிதர்களும்தான் விஷயம். போன மார்கழியில் ஒருநாள் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். திரையில் ஒரு கோடு. இடது ஓரத்தில் உச்சியில் தொடங்கி, சடாரென்று சரிந்து, அப்புறம் தரையோடு தரையாக ஊர்ந்துகொண்டிருந்தது.

"பாருங்க மாமா, முப்பதாவது செகண்டுலயே பாதிப் பேர் எழுந்து போயிட்டாங்க. பதினஞ்சு நாள் உழைப்பு இது."

அன்று சாயங்காலம் ஒரு சபாவில் கச்சேரி கேட்கப் போயிருந்தேன். பிரதான உருப்படி முடிந்து பாடகர் மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். தனி ஆவர்த்தனம். முதல் தீர்மானம் வருவதற்குள் பின் வரிசைகளில் பாதி காலி. செருப்புச் சத்தம், கதவு திறந்து மூடும் சத்தம், வெளியே கேன்டீனில் கீரை வடைக்கும் காப்பிக்கும் வரிசை. மருமான் காட்டிய கோடு அப்படியே கண்ணெதிரே எழுந்து நடந்து போனது.

கூட்டம் எழுந்து போவதைப் பற்றி இந்த ஊரில் முதன்முதலில் தீவிரமாக யோசித்தவர் யார் என்று கேட்டால் நான் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைத்தான் சொல்வேன். அவருக்கு முந்தைய கச்சேரிகள் நாலைந்து மணி நேரம் ஓடும்; ராகம் தானம் பல்லவியே அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அரியக்குடி வர்ணத்தில் ஆரம்பித்தார். அடுத்தடுத்து விறுவிறுப்பான சின்னக் கிருதிகள், நடுவே கனமாக ஒன்று, தனி, கடைசியில் துக்கடாக்கள். இன்றைக்கும் பெரும்பாலான வித்வான்கள் மேடையில் நடப்பது அவர் போட்ட பாதையில்தான். வடைக்குப் போனவரைத் துக்கடாவுக்குத் திரும்ப வரவழைக்கும் வழியும் அதற்குள்ளேயே இருக்கிறது. 'முதல் சில விநாடிகளில் பார்வையாளரைப் பிடி' என்று இன்று யூடியூப் ஆசான்கள் சொல்லிக்கொடுப்பதன் பாட்டன் வடிவம் அது. ஒரே ஒரு வித்தியாசம்: அரியக்குடி வேகப்படுத்தினாரே தவிர சரக்கைக் குறைக்கவில்லை.

மருமானின் கோடு கிளப்பும் கேள்விக்கு இரண்டு முனை. சோர்ந்துபோகாமல் ஒருவர் தொடர்ந்து செய்துகொண்டே இருப்பது எப்படி? செய்ததைத் தேடி ஆட்கள் வருவது எப்படி? இதற்குப் பதில் சொல்வதே இணையத்தில் பலருக்குப் பிழைப்பாகிவிட்டது. தினம் ஒன்று போடு என்கிறார் ஒருவர். ஒரே துறையில் நில் என்கிறார் இன்னொருவர். விடியற்காலை நாலரைக்கு எழுந்து குளிர்ந்த நீரில் குளி என்பவரும் உண்டு. சென்னையில் குழாயில் குளிர்ந்த நீர் எந்த மாதத்தில் வருகிறது என்று அவர் சொல்வதில்லை. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் நூறு வருஷமாகக் கூட்டம் சேர்த்தே பிழைத்தவர்கள் இருக்கிறார்கள்: பத்திரிகைக்காரர்கள், நாடகக்காரர்கள், பாட்டுக்காரர்கள். இந்தப் பதில்களை அவர்கள்மேல் உரசிப் பார்க்கலாம்.

1926-ல் பூதூர் வைத்தியநாதய்யர் தொடங்கிய ஆனந்த விகடனை 1928-ல் எஸ்.எஸ்.வாசன் வாங்கினார். பெயரில் எட்டு எழுத்து, எழுத்துக்கு இருபத்தைந்து ரூபாய் வீதம் இருநூறு ரூபாய்க்கு வாங்கினார் என்பது பத்திரிகை உலகில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. வாசன் அதற்கு முன் விளம்பர ஏஜென்ட். தபால் வழியாகச் சாமான் விற்றவர். விலாசங்களின் மதிப்பு தெரிந்த மனிதர். குறுக்கெழுத்துப் போட்டி வைத்தார், பரிசுப் பணம் கொடுத்தார், விற்பனை ஏறியது. இதை மட்டம் என்று சொன்னவர்கள் அப்போதே இருந்தார்கள். ஆனால் போட்டிக்காக வாங்கிய கைகள் பக்கத்தைப் புரட்டியபோது அங்கே படிப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டுமே. அதற்குத்தான் கல்கி.

கல்கி என்ற ரா.கிருஷ்ணமூர்த்தி 'நவசக்தி'யில் திரு.வி.க.விடமும், 'விமோசன'த்தில் ராஜாஜியிடமும் பழகிய பிறகு விகடனுக்கு வந்தார். கதை, தலையங்கம், பயணக் கட்டுரை, சினிமா விமரிசனம், சங்கீத விமரிசனம் எல்லாம் எழுதினார். ஒரே ஆள் எழுதினால் இதழ் அலுக்கும் என்று விஷயத்துக்கொரு முகமூடி: சங்கீதத்துக்குக் 'கர்நாடகம்', மற்றவற்றுக்கு 'ராது', 'லாங்கூலன்', 'அகஸ்தியர்', 'தமிழ்த்தேனீ'. 'தியாகபூமி' தொடராக வந்தபோது, கே.சுப்ரமண்யம் எடுத்துக்கொண்டிருந்த அதே படத்தின் ஸ்டில்களைக் கதைக்கு நடுவே அச்சிட்டார்கள். படம் 1939-ல் வெளிவந்தது. வாசகர்கள் படத்துக்கும், படம் பார்த்தவர்கள் பத்திரிகைக்கும் போனார்கள். 'பிளாட்பாரம் தாண்டிய விளம்பரம்' என்று இதற்கு இன்று ஒரு வகுப்பே எடுப்பார்கள், கட்டணம் தனி.

1941-ல் கல்கி விகடனை விட்டு வந்து, டி.சதாசிவத்தோடு சேர்ந்து தன் புனைபெயரிலேயே பத்திரிகை ஆரம்பித்தார். முதலுக்குப் பணம் எங்கிருந்து? சதாசிவத்தின் மனைவி எம்.எஸ்.சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதர் வேஷம் கட்டினார். அந்தச் சம்பளம்தான் முதலில் ஒரு பெரிய பங்கு. 1950 அக்டோபரில் ஆரம்பித்த 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமாக மூன்றரை வருஷம் வாராவாரம் ஓடியது. அடுத்த இதழ் கடைக்கு வரும் கிழமை மாம்பலத்து மாமிக்கும் தெரியும், மன்னார்குடி வாத்தியாருக்கும் தெரியும்.

இங்கேதான் உற்பத்தித் திறன் பற்றிய நவீன உபதேசம் எனக்கு இடிக்கிறது. கல்கியின் உழைப்பைப் படித்தால் மலைப்பாக இருக்கும். பிறகு நம்மை நினைத்து வெட்கமாகவும் இருக்கும். வெட்கப்பட வேண்டியதில்லை. விகடனில் அவரோடு தேவன் இருந்தார், துமிலன் இருந்தார், படம் போட மாலி இருந்தார். பிறகு கல்கி இதழில் பொன்னியின் செல்வனுக்கு மணியம். அச்சுக் கோப்பவர், பிழை திருத்துபவர், விளம்பரம் பிடிப்பவர், ஏஜென்ட் பாக்கியை வசூலிப்பவர், இதற்கெல்லாம் மேலே கணக்குப் பார்க்கும் சதாசிவம். என் மருமான் என்ன செய்கிறான்? தகவல் தேடுகிறான், வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு அலைகிறான், படம் பிடிக்கிறான், குரல் கொடுக்கிறான், வெட்டி ஒட்டுகிறான், தம்ப்நெயில் செய்கிறான், இரவு பன்னிரண்டு மணிக்குக் கமென்ட்டுக்குப் பதில் போடுகிறான். அவன் தன்னைக் கல்கியோடு ஒப்பிட்டுக்கொண்டு நொந்துபோகிறான். ஒப்பிட வேண்டியது கல்கி ஆபீஸோடு. ஒரு ஆபீஸின் வேலையை ஒற்றை ஆள் செய்துவிட்டுச் சோர்ந்துவிட்டேனே என்று சொன்னால், அதற்குக் குளிர்ந்த நீர்க் குளியல் மருந்தாகாது.

இன்றைய பெரிய வெற்றியைப் பார்த்தாலும் கதை அதுதான். புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்திலிருந்து 2018-ல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல் 2021-ல் ஒரு கோடி சந்தாதாரரைத் தொட்டது; தமிழில் அதை முதலில் தொட்ட சேனல் அது. பெரியதம்பித் தாத்தாவும் பேரப்பிள்ளைகளும். ஒருவர் கேமரா, மற்றவர்கள் அம்மி, அடுப்பு, அண்டா. கூட்டுக் குடும்பம்தான் அவர்கள் ஆபீஸ். சென்னைக்காரர்களுக்கு அந்த வசதி குறைவு. இரண்டு பெட்ரூம் வாடகையில் கூட்டுக் குடும்பம் கட்டுப்படியாகாது.

ஆபீஸ் இல்லாதவர்கள் வேறு எதை வைத்துத் தாக்குப்பிடித்தார்கள்? மாதச் சம்பளத்தை வைத்து. சுஜாதா விமானத் துறையில் வேலை பார்த்தார், அப்புறம் பெங்களூரு பெல் நிறுவனத்தில் பொறியாளர். 'ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்.' என்ற பெயரில் கணையாழியின் கடைசிப் பக்கத்தை எழுதியதெல்லாம் உத்தியோகத்தில் இருந்துகொண்டுதான். அவருடைய சலவைக் கணக்கைக் கொடுத்தால்கூடப் பத்திரிகைகள் பிரசுரிக்கும் என்று ஒரு கேலி உண்டு. கேலிக்குள் இருக்கும் உண்மை, அவர் வாரம் தவறாமல் கொடுப்பார் என்பது. ஓய்வு பெற்றுச் சென்னைக்கு வந்த பிறகு விகடனில் 'கற்றதும் பெற்றதும்'.

மந்தைவெளிக்காரர் கிரேஸி மோகன் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்தவர். எஸ்.வி.சேகர் குழுவுக்கு 1976-ல் எழுதிக் கொடுத்த நாடகம் ஓடியது. 1979-ல் கிரேஸி கிரியேஷன்ஸ் தொடங்கினார். வேலையை விட்டது, எழுத்து சோறு போடும் என்று தெரிந்த பிறகுதான். அவருடைய நாடகங்களில் நாயகன் பெரும்பாலும் மாது, நாயகி பெரும்பாலும் ஜானகி. ஜானகி என்பது அவரை முதன்முதலில் மேடையேற்றிய பள்ளி ஆசிரியையின் பெயர். ஒவ்வொரு நாடகத்துக்கும் புதுப் பெயர், புது உலகம் என்று அவர் மெனக்கெடவில்லை. சபாவில் உட்கார்ந்தவருக்கு மாதுவை ஏற்கெனவே தெரியும். முதல் பத்து நிமிஷ அறிமுகச் செலவு மிச்சம், நேரே சிரிக்கலாம். 'ஒரே துறையில் நில்' என்ற உபதேசத்தைவிட இது நுட்பமானது. துறை மாறலாம். வாசலில் நிற்பவர் தெரிந்த முகமாக இருக்க வேண்டும்.

தினம் ஒன்று போடு என்பதற்கும் இங்கே சாட்சி உண்டு. கடற்கரைச் சாலையின் மயிலாப்பூர்க் கோடியில் இருக்கும் வானொலி நிலையத்திலிருந்து தென்கச்சி கோ.சுவாமிநாதன் 'இன்று ஒரு தகவல்' சொன்னார். சில நிமிஷம்தான். ஏற்ற இறக்கமில்லாத குரலில் ஏதோ ஒரு விஷயம், கடைசியில் ஒரு சிரிப்பு. வருஷக்கணக்கில் காலை நேரத்தில் பல்லுத் தேய்த்துக்கொண்டே தமிழ்நாடு கேட்டது. இன்றைய ஷார்ட்ஸ் வீடியோ முழுக்க அந்த அச்சில்தான் வார்க்கப்படுகிறது, கத்தலை மட்டும் சேர்த்துக்கொண்டு. ஆனால் தென்கச்சிக்கு ஒலிப்பதிவுக் கூடமும் அரசாங்கச் சம்பளமும் இருந்தன.

என் வாதத்துக்கு நேர் எதிரான சாட்சியையும் சொல்லிவிடுகிறேன். ஜெயமோகன் 2014 ஜனவரி 1-ம் தேதி தன் இணையதளத்தில் வெண்முரசு நாவல் வரிசையை எழுத ஆரம்பித்தார். நாள்தோறும் ஓர் அத்தியாயம். ஒரு நாவல் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் சின்ன இடைவெளி. 2020 ஜூலையில் இருபத்தாறாவது நாவலோடு முடித்தார். இதற்குப் பின்னால் ஆபீஸ் கிடையாது. அவ்வளவு வேகமாக எழுதினால் தரம் என்னாகும் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நான் படித்தவரை மேடு பள்ளம் உண்டு, மேடுகள் உயரம். எல்லாராலும் முடியாத காரியத்தை விதியாக எடுத்துக்கொள்ள நான் தயாரில்லை. ஆனால் அதிலிருந்து பொறுக்கிக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது: வாசகர் கடிதங்கள். நீண்ட கடிதம், கோபக் கடிதம், திருத்தம் சொல்லும் கடிதம் எல்லாவற்றையும் அவர் தளத்தில் போட்டார், பதில் எழுதினார். வாசகர்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டு ஒரு வட்டமாகச் சேர்ந்தார்கள்.

சென்னையில் இதை வேறு விதமாகச் செய்தவர் நகர வரலாற்றாளர் எஸ்.முத்தையா. 1999-லிருந்து தி ஹிந்துவில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் 'மெட்ராஸ் மிஸலேனி'. 2019 ஏப்ரலில் அவர் காலமாகும் வரை கிட்டத்தட்ட இருபது வருஷம். 'தபால்காரர் கதவைத் தட்டியபோது' என்று அதற்குள்ளேயே ஒரு பகுதி. 'நீங்கள் எழுதியது தப்பு, அந்த பங்களா எங்கள் தாத்தாவுடையது' என்று யாராவது எழுதினால், முத்தையா அதையும் அங்கே போட்டுவிடுவார். தன் பிழையை வைத்தே ஆள் சேர்த்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தப்பைச் சுட்டிக்காட்டியவர் அடுத்த திங்கள் பேப்பரை விடுவாரா? வாசகரே சரக்கும் கொண்டுவந்தார், வாடிக்கையும் ஆனார்.

இதுவரை சொன்னவை பழையவர்களுக்கும் புதியவர்களுக்கும் பொது. மாறிப்போனது ஒன்று: விலாசம். விகடனின் சந்தாதாரர் பட்டியல் விகடனின் அலமாரியில் இருந்தது. சபா உறுப்பினர் பட்டியல் சபாச் செயலாளரிடம். யூடியூபில் 'சந்தாதாரர்' என்று பெயர்தான். அவர் யார், எங்கிருக்கிறார், அவருக்கு உங்கள் வீடியோவைக் காட்டுவதா வேண்டாமா என்பதெல்லாம் யூடியூபின் கையில். 2012-ல் வியூஸ் எண்ணிக்கையைவிடப் பார்த்த நேரம் முக்கியம் என்று மாற்றினார்கள். 2018-ல், விளம்பர வருமானம் வேண்டுமென்றால் 1,000 சந்தாதாரரும் பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்றார்கள். ஒருவர் சராசரியாக ஐந்து நிமிஷம் பார்த்தால் அது 48,000 பார்வை. நீளமான வீடியோ விளம்பரத்தில் படைப்பாளிக்கு 55 சதவீதம், ஷார்ட்ஸில் 45. இந்த எண்களில் எதுவும் நாம் பேசி முடித்ததல்ல. இன்னும் மோசம் டிக்டாக். 2020 ஜூன் 29-ம் தேதி இரவு மத்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது. லட்சக்கணக்கில் ரசிகர் வைத்திருந்தவர்களுக்கு மறுநாள் ஒரு விலாசம்கூடக் கையில் இல்லை.

அதனால்தான் எனக்குச் சின்ன வட்டங்கள்மேல் மரியாதை. மயிலாப்பூர் டைம்ஸ் 1994-ல் வின்சென்ட் டிசௌசா ஆரம்பித்த இலவச வார இதழ். பேட்டைக்குள் நடப்பதுதான் செய்தி, பேட்டைக் கடைகள்தான் விளம்பரம். இந்தியா முழுக்கப் போக வேண்டும் என்று அது ஆசைப்படவில்லை. ஜனவரியில் வடக்கு மாட வீதியில் நடக்கும் கோலப் போட்டியில், இதழின் வாசகர்கள் புள்ளி வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். எத்தனை சேனலுக்கு அந்தப் பாக்கியம்?

அதே மயிலாப்பூரில், பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஜன்னல் கடை. வீட்டு ஜன்னல் வழியாக பஜ்ஜியும் பொங்கலும் வெளியே வரும். விளம்பரம் கிடையாது; ஆனால் எந்த நேரத்தில் ஜன்னல் திறக்கும் என்று வாடிக்கைக்காரருக்கு மனப்பாடம். இப்போது பத்தடி தள்ளிக் கேமராவோடு யாராவது நின்று 'ஹாய் மக்களே' என்று தொடங்குகிறார்கள். கூட்டம் சேர்ப்பது எப்படி என்பதற்கான பாடம் அவர்கள் முதுகுக்குப் பின்னால் எண்ணெயில் பொரிந்துகொண்டிருக்கிறது.

கூட்டத்தை மட்டுமே குறிவைத்தால் எங்கே போய் முடியும் என்பதற்கும் இதே வட்டாரம் சாட்சி. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் மைக்கை நீட்டிப் பேட்டி எடுப்பது ஒரு காலம் பெரிய வியாபாரம். 2021 ஜனவரியில், ஆபாசமான பேட்டி ஒன்றை வெளியிட்டதாக ஒரு சேனலைச் சேர்ந்த மூன்று பேரைப் போலீசார் கைது செய்தார்கள். கேள்வி கேட்டவரும் படம் பிடித்தவரும் உள்ளே. பார்த்து ரசித்தவர்கள் அடுத்த சேனலுக்குப் போய்விட்டார்கள். அப்படிச் சேரும் கூட்டத்துக்கு யாருடைய வீட்டு வாசலும் ஞாபகம் இருப்பதில்லை.

மருமானுக்கு 1,100 சந்தாதாரர்கள். 'வெறும் ஆயிரம்' என்கிறான். மியூசிக் அகாடமி பெரிய ஹாலில் சுமார் 1,600 பேர் உட்காரலாம். மூன்றில் இரண்டு பங்கு ஹால் நிறைந்தால் எந்த வித்வானும் அதை 'வெறும்' என்று சொல்ல மாட்டார் என்றேன். கொஞ்சம் சிரித்தான். நினைத்தபோது போடுவதை நிறுத்திவிட்டு, மாதத்தில் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை மட்டும் என்று வைத்துக்கொண்டிருக்கிறான். வேலையை விடுவதாக இருந்தவன் விடவில்லை. கமென்ட்டில் 'எங்கள் பாட்டி வீடும் அந்தத் தெருவில்தான்' என்று எழுதியவர்களின் மின்னஞ்சலைக் கேட்டு வாங்கி ஒரு நோட்டில் குறித்து வைக்கிறான், இதுவரை நாற்பத்துமூன்று. வெட்டி ஒட்டுவதைக் கல்லூரித் தோழன் ஒருவன் எடுத்துக்கொண்டான், வருமானம் வந்தால் பாதி என்ற பேச்சில். கோடு இன்னும் சரியத்தான் செய்கிறது. ஆனால் அடுத்த வீடியோ எந்தக் கிழமை வரும் என்று இப்போது சிலர் அவனைக் கேட்பதில்லை, அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

கல்கி 1954 டிசம்பர் 5-ம் தேதி காலமானார். வயது ஐம்பத்தைந்து. 'அமரதாரா' தொடர் அப்போது பாதியில் நின்றிருந்தது. அப்பா விட்டுச் சென்ற குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி அதை எழுதி முடித்தார்.